ஒரு புத்தகம்கூடக் குறையவில்லை

நான் வேலையில் சேர்ந்த அன்று பள்ளிக் கிளார்க் ஒரு சாவிக்கொத்தை மேஜைமேல் வைத்தார். "ஏழு பீரோ இருக்கு டீச்சர். புஸ்தகம் குறைஞ்சா உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க, பார்த்துக்கோங்க" என்றார். மிரட்டலாக இல்லை, அக்கறையாகத்தான் சொன்னார். எனக்கு முன்பு இருந்தவர் ஓய்வுபெறும் சமயத்தில் இருபது சொச்சம் புத்தகத்துக்குக் கணக்குக் காட்ட முடியாமல், மதுரையில் பழைய புத்தகக் கடைகளில் அலைந்து வாங்கிவந்து அடுக்கிவிட்டுப் போனாராம். அதைக் கேட்டதும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகியவள்தான். நான்கு வருஷம் அது இறங்கவில்லை.

இது 2003-ல். ராஜபாளையம் பக்கம் ஓர் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளி. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை. பிள்ளைகளின் பெற்றோர் பெரும்பாலும் பஞ்சாலையில் ஷிப்டு வேலைக்குப் போகிறவர்கள். சத்திரப்பட்டிப் பக்கமிருந்து வருகிற பிள்ளைகள் என்றால் வீட்டில் தறி ஓடும். ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி நெய்கிற தறி. அச்சடித்த தாள் என்று வீட்டில் இருப்பது பாடப்புத்தகமும் தினசரி காலண்டரும்தான். அதனால் பள்ளி நூலகம்தான் அவர்களுக்கு முதல் நூலகம். பலருக்குக் கடைசியும் அதுவே.

அந்த நூலகத்தை நான் எப்படி நடத்தினேன் என்பதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. பீரோ பூட்டியிருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் புத்தக முதுகுகள் தெரியும். இன்டர்வெலில் இரண்டு மூன்று பேர் வந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்பார்கள். நான் மேஜையில் இருந்தபடியே "என்ன புக்கு வேணும்?" என்பேன். புத்தகத்தைத் தொட்டே பார்க்காத பிள்ளைக்கு என்ன பெயர் தெரியும்? "கதை புக்கு டீச்சர்" என்பான். மேலாக இருக்கிற ஏதாவது ஒன்றை எடுத்துக் கொடுத்து, "அழுக்காக்கக் கூடாது, மடக்கக் கூடாது, திங்கட்கிழமை வந்தாகணும்" என்று மூன்று கட்டளை போடுவேன். திங்கட்கிழமை புத்தகம் அப்படியே வரும். திறந்திருக்கவே மாட்டான். அழுக்காகிவிடுமே என்ற பயம்.

ஒரு வருஷம் முழுக்க 83 புத்தகங்கள்தான் இரவல் போயிருந்தன. அதில் பாதிக்கு மேல் ஆசிரியர்கள் எடுத்தவை.

ஆனால் வருஷா வருஷம் இருப்புச் சரிபார்ப்பு நடக்கும்போது நான்தான் ராணி. பதிவேட்டில் "குறைவு: இல்லை" என்று எழுதிக் கையெழுத்து வாங்குவேன். 2007 மே மாதம், நான்காவது தடவையாக அப்படி எழுதப் போன சமயத்தில்தான் மூன்றாம் நம்பர் பீரோவின் கீழ்த்தட்டை முழுசாக வெளியே எடுத்தேன். அதுவரை எண்ணிக்கையைப் பார்த்துக் கதவைச் சாத்திவிடுவதுதான் வழக்கம். கட்டோடு தூக்கியதும் அடியிலிருந்து மண் உதிர்ந்தது. பின்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்த இடம் வழியாகக் கறையான் ஏறியிருந்தது. நான் வருவதற்கு முன்பே வாங்கிய சிறுவர் படப்புத்தகங்கள். மேலட்டை பளபளவென்று இருக்கிறது, உள்ளே திறந்தால் மண் வரி. ஒரு யானையின் காது மட்டும் மிச்சம் இருந்த பக்கம் இன்னும் நினைவில் இருக்கிறது. பின்னட்டையில் ஒட்டிய தேதிச்சீட்டு ஒவ்வொன்றிலும் வெறுமையாக இருந்தது. ஒரு முத்திரைகூட இல்லை. மொத்தம் 31 புத்தகம், ஒரு பிள்ளையின் கைகூடப் படாமல் போயிருந்தன.

பயந்துகொண்டே கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். அவர் அசரவில்லை. "கறையானா? அதுக்கு ஒண்ணும் இல்ல டீச்சர். தள்ளுபடின்னு எழுதி ஹெச்.எம். கிட்ட கையெழுத்து வாங்கிருங்க" என்றார். என் சம்பளத்தில் ஒரு ரூபாய் பிடிக்கவில்லை.

கறையான் தின்றால் தள்ளுபடி. பிள்ளை வீட்டுக்குக் கொண்டுபோய்த் தொலைத்தால் என் சம்பளம். அன்றைக்கு வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு போனேன். நூலக அறிவியல் படித்தபோது எஸ்.ஆர். ரங்கநாதனின் ஐந்து விதிகளைப் பத்து மார்க்குக்கு மனப்பாடம் செய்தவள் நான். சீர்காழிக்காரர், கணக்கு வாத்தியாராக இருந்து 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராக ஆனவர். 1931-ல் அவர் எழுதிய முதல் விதியே "நூல்கள் பயன்பாட்டுக்கே" என்பதுதான். இடைக்கால ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டுக் கட்டி வைத்திருந்த கதையிலிருந்துதான் அந்த விதியை விளக்குவார். சங்கிலிக் கதையைப் பரீட்சையில் அழகாக எழுதியிருந்தேன். இடுப்பில் சாவிக்கொத்து கனத்தது.

ஜூனில் பள்ளி திறந்ததும் ஒரே ஒரு பீரோவை மட்டும் திறந்து வைத்தேன். ஏழையும் திறக்கத் தைரியம் இல்லை. ஐம்பது ரூபாய்க்குள் விலையுள்ள மெலிந்த புத்தகங்களாகப் பொறுக்கி அதில் வைத்தேன். போனாலும் தாங்கலாம் என்ற கணக்கு. திறந்து வைத்தும் யாரும் எடுக்கவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் காரணம் புரிந்தது. நம் சிறுவர் புத்தகங்களில் பாதி, நடுவில் ஸ்டேப்பிள் அடித்தவை. பதினாறு பக்கம், இருபத்துநான்கு பக்கம். அவற்றுக்கு முதுகே கிடையாது. பெயர் எழுத இடம் ஏது? ரேக்கில் நெட்டுக்குத்தாக அடுக்கினால் வெள்ளைக் காகித விளிம்புதான் தெரியும். நோட்டுக்கட்டு மாதிரி இருக்கும்.

வீட்டிலிருந்து நைலான் கொடிக்கயிறு கொண்டுவந்தேன். ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச்சுவர் ஆணிவரை, பிள்ளைகளின் கண் உயரத்துக்கு இரண்டு வரிசை கட்டி, புத்தகங்களை நடுவில் பிரித்துத் துணி காயப்போடுகிற மாதிரி தொங்கவிட்டேன். அட்டைப்படம் முழுசாகத் தெரிந்தது. அன்று மத்தியானமே ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உள்ளே நுழைந்து, "ஏய், புலி புக்குடா" என்று இழுத்ததில் கயிறு அறுந்து விழுந்தது. மறுநாள் தடித்த கயிறாகக் கட்டினேன். இன்றைக்கு வரைக்கும் யார் கேட்டாலும் நான் சொல்கிற முதல் யோசனை இதுதான்: காசு செலவழிப்பதற்கு முன்னால் இருக்கிற புத்தகங்களின் முகத்தைத் திருப்பி வையுங்கள். கொடிக்கயிறு போதும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றித் தொங்கவிட வேண்டும். பழகிப்போன அட்டையைப் பிள்ளைகள் பார்ப்பதில்லை.

முதல் மாதத்தில் 19 புத்தகம் திரும்பி வரவில்லை. எனக்குத் தூக்கமும் வரவில்லை.

அப்போது தாமதத்துக்கு நாளொன்றுக்கு ஐம்பது காசு அபராதம் உண்டு. யார் யார் கொண்டுவரவில்லை என்று பட்டியல் எடுத்து வகுப்பு வகுப்பாகப் போய்க் கேட்டேன். ஒரு பெண் தலையைக் குனிந்துகொண்டாள். பன்னிரண்டு ரூபாய் சேர்ந்துவிட்டது, வீட்டில் கேட்க முடியாது, அதனால் புத்தகத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு நூலகம் இருக்கிற வராந்தாவைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தாள். அபராதத்தால் நமக்குப் புத்தகமும் வராது, பிள்ளையும் வராது. அந்த வாரமே அபராதத்தை எடுத்துவிட்டேன். பதிலாக ஸ்டோர் ரூமில் கிடந்த ஒரு தகரப் பெட்டியில் மேலே வாய் வெட்டி வராந்தாவில் வைத்தேன். யார் போட்டார்கள் என்று பார்க்க மாட்டேன், கேட்க மாட்டேன் என்று பிரேயரில் சொன்னேன். பிள்ளைகள் அதற்கு "புக்கு உண்டியல்" என்று பெயர் வைத்தார்கள். முதல் மாதத்தில் 27 புத்தகம் விழுந்தது. 19-தானே பாக்கி என்று எண்ணிப் பார்த்தால், மீதி எட்டில் ஏழு என் காலத்துக்கு முந்தையவை, ஒன்று பக்கத்து ஊர்ப் பள்ளியின் முத்திரை குத்தியது. அதைக் கவரில் போட்டு அனுப்பி வைத்தேன்.

அடுத்தது நூலகப் பீரியட். அட்டவணையில் வாரம் ஒரு பீரியட் இருக்கும், நிஜத்தில் அது போர்ஷன் முடிக்காத ஆசிரியர்களின் சொத்து. கணக்கு ஆசிரியர் கேட்டால் மறுக்க முடியாது. ரங்கநாதனே கணக்கு வாத்தியார் என்று மனசைத் தேற்றிக்கொள்வேன். எல்லா வகுப்பையும் பிடித்து வைக்க முடியாது என்று தெரிந்ததும் ஆறாம் வகுப்பை மட்டும் விடுவதில்லை என்று முடிவு செய்தேன். பொதுத் தேர்வு இல்லாத வகுப்பு, அதிகம் சண்டை வராது.

அந்த நாற்பது நிமிஷத்தில் என்ன செய்வது? "எல்லாரும் அமைதியா வாசிங்க" என்றால் பாதிப் பேர் பக்கம் புரட்டுவார்கள், மீதிப் பேர் கிள்ளிக்கொள்வார்கள். சரி, நாமே வாசித்துக் காட்டுவோம் என்று ஆரம்பித்தேன். முதல் தடவை படுதோல்வி. வானொலிச் செய்தி மாதிரி வாசித்து முடித்துவிட்டு, "இந்தக் கதையிலிருந்து நாம் அறிவது என்ன?" என்று கேட்டேன். முகங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் வாடியதை இப்போதும் சொல்ல முடியும். முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து, "பிறருக்கு உதவ வேண்டும்" என்றாள். நான் வாசித்தது ஒரு திருட்டுக் குரங்கின் கதை.

அந்தக் கேள்வியை அதோடு விட்டேன். வாசிப்பதையும் மாற்றினேன். முந்தின நாள் ராத்திரி வீட்டில் ஒருமுறை உரக்க வாசித்துப் பார்த்துவிடுவேன். எங்கே மூச்சு வாங்க வேண்டும், எந்தப் பாத்திரத்துக்கு எங்கள் ஊர்ப் பேச்சு ஒத்துவரும் என்று தெரிந்துவிடும். நிறைய வர்ணனை இருக்கிற இடத்தைக் கூசாமல் தாண்டிவிடுவேன். மணி அடிப்பதற்கு இரண்டு நிமிஷம் முன்னால், கிணற்றுக்குள் யாரோ கூப்பிடுகிற சத்தம் கேட்கிற மாதிரியான ஓர் இடத்தில் புத்தகத்தை மூடிவிடுவேன். "டீச்சர், டீச்சர், உள்ள யாரு டீச்சர்?" "புத்தகம் இங்கதான் இருக்கு, பார்த்துக்கோங்க" என்று மேஜையில் வைத்துவிட்டு நகர்ந்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

அங்கேயும் ஒரு சிக்கல். பதினோரு பேர் பாய்ந்தார்கள், புத்தகம் ஒன்று. வரிசை போட்டுக் கொடுத்தால் பதினோராவது ஆளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் கிடைக்கும். அதற்குள் அவனுக்குக் கிணறும் மறந்திருக்கும், ஆசையும் போயிருக்கும். அதன்பிறகு புத்தகம் வாங்குகிற முறையை மாற்றினேன். முப்பது தலைப்பில் ஒவ்வொரு பிரதி வாங்குகிற காசில் பத்துத் தலைப்பில் மும்மூன்று பிரதி. நான் வாசித்துக் காட்டப்போகிற புத்தகம் என்றால் ஐந்து. தணிக்கைக்கு வந்தவர் "ஒரே புக்கை ஏம்மா இத்தனை வாங்கியிருக்கீங்க?" என்று கேட்டார். ஐந்து தேதிச்சீட்டையும் எடுத்துக் காட்டினேன். எல்லாவற்றிலும் இரண்டாவது சீட்டு ஒட்டியிருந்தது. மேற்கொண்டு கேட்கவில்லை.

வாசிக்கவே வராத பிள்ளைகள் விஷயத்தில் எனக்குச் சொல்லித்தந்தது ஒரு எட்டாம் வகுப்புப் பையன். இன்டர்வெலில் தவறாமல் வருவான், எப்போதும் தடிப் புத்தகமாக எடுப்பான், பக்கம் புரட்டுவான். ரொம்ப நாள் கழித்துத்தான் கவனித்தேன், அவன் கண் வரி மேல் ஓடுவதில்லை. எழுத்துகள் தெரியும், கூட்டி வாசிக்க வராது. எட்டாம் வகுப்புப் பையனிடம் "நீ இந்தச் சின்னப் புக்கை எடுத்துக்கோ" என்று எல்லோர் முன்னாலும் நீட்டினால் அவன் மறுநாள் வர மாட்டான்.

"உன் வீட்ல சின்னப் பிள்ளைங்க யாராச்சும் இருக்காங்களாப்பா?" என்று கேட்டேன்.

ஒரு நொடி யோசித்தான். "தங்கச்சி இருக்கு டீச்சர். ஒண்ணாப்பு."

"அப்ப எனக்கு ஒரு உதவி செய். இந்தப் படக்கதை எல்லாம் சின்னப் பிள்ளைங்களுக்குப் பிடிக்குதான்னு தெரியணும். நீ வாசிச்சுக் காட்டிட்டு வந்து சொல்லு. இங்க ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துட்டுப் போ. திக்கினா அது சிரிக்கும்."

பக்கத்துக்கு ஒரு வரி, மொத்தம் பன்னிரண்டு பக்கம். என் மேஜைக்குப் பின்னால், பீரோ மறைவில் உட்கார்ந்து முணுமுணுவென்று வாசிப்பான். தினம் ஒன்று. "தங்கச்சிக்குப் பிடிச்சிருந்துச்சாம்." "இது பிடிக்கலையாம்." இரண்டு மாதத்தில் "தங்கச்சி இன்னும் கொஞ்சம் பெரிய புக்கா கேக்குது டீச்சர்" என்றான். அரையாண்டுக்குள் தங்கச்சி நாற்பது பக்கத்துக்கு வந்துவிட்டது. பெற்றோர் கூட்டத்துக்கு அவன் அம்மா வந்தபோது, "உங்க சின்னப் பொண்ணையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்கம்மா" என்றேன். "எனக்கு ஏது டீச்சர் பொண்ணு? ரெண்டும் பயலுகதான். இவன்தான் கடைக்குட்டி" என்றார்.

அவனிடம் நான் எதுவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. வருஷக் கடைசிவரை தங்கச்சிக்குப் புத்தகம் போய்க்கொண்டுதான் இருந்தது. அதற்குப் பிறகு எத்தனையோ பிள்ளைகளுக்குத் தங்கச்சி தம்பிகளை நான் உண்டாக்கியிருக்கிறேன்.

இந்த மாதிரிச் சின்னப் புத்தகம் அன்றைக்குக் கிடைப்பது கஷ்டம். இப்போது அப்படி இல்லை. பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்ப் படக்கதைகள் நிலை வாரியாக இருக்கின்றன. இலவசமாக இறக்கி அச்சடித்துக்கொள்ளலாம். கறுப்பு வெள்ளையில் அச்சடித்து ஸ்டேப்பிள் அடித்தால் போதும், கலர் பென்சிலைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள். கொரோனா முடிந்து பள்ளி திறந்த சமயத்தில், எழுத்தே மறந்து வந்த ஆறாம் வகுப்பை இவற்றை வைத்துத்தான் ஓட்டினேன். அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் வந்து, நுழை, நட, ஓடு, பற என்று நிலை பிரித்துக் குட்டிப் புத்தகங்கள் கொடுத்தார்கள். அந்தப் பெயர்களை வைத்தவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். "நீ ரெண்டாம் நிலை" என்பதைவிட "நீ நடக்கிறே" என்பது எவ்வளவோ மேல்.

தோற்றுப்போன விஷயங்களையும் சொல்ல வேண்டும். "மாதம் அதிகப் புத்தகம் வாசித்தவருக்குப் பரிசு" என்று ஒருமுறை அறிவித்தேன். ஒரு பெண் நாற்பது புத்தகம் எடுத்தாள். சும்மா பேச்சுக் கொடுத்தபோது தெரிந்தது, நாற்பதிலும் பின்னட்டை மட்டும் வாசித்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். நான் எண்ணிக்கைக்குப் பரிசு வைத்தேன், அவள் எண்ணிக்கையைக் கொடுத்தாள். வாசித்த ஒவ்வொரு புத்தகத்துக்கும் நோட்டில் கதைச்சுருக்கம் எழுத வேண்டும் என்று ஒரு வருஷம் வைத்திருந்தேன். அந்த வருஷம் இரவல் பாதியாகிப் போனது. வீட்டுப்பாடம் போதாதென்று இது வேறா என்று நினைத்திருப்பார்கள். 2022-ல் பொன்னியின் செல்வன் படம் வந்த கையோடு பிள்ளைகள் எல்லோரும் அந்த நாவலைக் கேட்டார்கள். ஐந்து பாகமும் மூன்று செட் வாங்கிப் போட்டேன். முதல் பாகம் மூன்றும் அட்டை கழன்றுவிட்டன. ஐந்தாம் பாகங்கள் இன்னும் புது வாசனையோடு இருக்கின்றன. அதற்காகச் சலித்துக்கொள்ள மாட்டேன். பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் வைத்துவிடலாம் என்பதை நான்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மூன்று பேர் ஐந்தையும் முடித்தார்கள், அதில் ஒருத்தி ஏழாம் வகுப்பு.

புத்தகமாகவே இல்லாத ஒன்றுதான் எங்கள் நூலகத்தில் அதிகம் இரவல் போனது. நாய் ஃபைல். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவனுக்கு நாயைத் தவிர உலகத்தில் எதுவும் கண்ணில் படாது. ராஜபாளையத்துக்காரனுக்கு அது பிறவிக்குணம். "நாய் பத்தி புக்கு இருக்கா டீச்சர்?" என்று தினம் வந்து நிற்பான். அவன் வாசிக்கிற அளவுக்குத் தமிழில் எதுவும் என்னிடம் இல்லை. பழைய பத்திரிகைகளிலிருந்து வெட்ட ஆரம்பித்தேன். கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் என்று எது வந்தாலும் வெள்ளைத்தாளில் ஒட்டி, தேதி எழுதி ஃபைலில் கோத்தேன். 2005-ல் அஞ்சல் துறை வெளியிட்ட நாட்டு நாய்த் தபால்தலை வரிசையில் எங்கள் ஊர் நாயும் ஒன்று. அந்தத் தபால்தலையை அவன் யாரிடமோ கெஞ்சி வாங்கிக்கொண்டுவந்து ஒட்டினான். அப்புறம் அவனே வெட்ட ஆரம்பித்தான். வெட்டுவதற்கு முன்னால் வாசிக்க வேண்டுமே! பார்த்துவிட்டு மற்றவர்கள் அணில் ஃபைல், கபடி ஃபைல் என்று ஆரம்பித்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் இருக்கிற சாம்பல் நிற அணிலுக்காகவே ஒரு சரணாலயம் இருப்பது பக்கத்திலேயே பிறந்து வளர்ந்த எனக்கு அந்த அணில் ஃபைலைப் பார்த்துத்தான் உறைத்தது. கதை பிடிக்காத பிள்ளையை வாசிப்பு பிடிக்காத பிள்ளை என்று நான் எத்தனை வருஷம் தப்பாக நினைத்திருந்தேன்!

புத்தகம் புழங்கினால் கிழியும். கிழிந்தால் ஒட்ட வேண்டும். முதலில் செய்யக் கூடாதது, செல்லோ டேப். ஒட்டும்போது சுத்தமாக இருக்கும். இரண்டு வருஷத்தில் மஞ்சளாகிப் பசை கசிந்து பக்கத்துப் பக்கத்தையும் பிடித்துக்கொள்ளும், பிய்த்தால் எழுத்தோடு வரும். மைதாப் பசையும் மெல்லிய வெள்ளைத்தாளும் போதும். பசை காய்ச்சும்போது பைண்டர்கள் ஒரு சிட்டிகை மயில்துத்தம் போடுவார்கள், பூச்சி வராது. ஆனால் அது விஷம். பிள்ளைகள் கையில் அந்தப் பசையை நான் கொடுப்பதில்லை, துத்தம் போடாததைத் தனியாகக் காய்ச்சிக் கொடுப்பேன். கழன்ற முதுகுக்குத்தான் மல்துணி மாதிரி இடைவெளி விட்ட துணி வேண்டும், பசை உள்ளே இறங்கிப் பிடிக்க. மதுரையில் போய் வாங்க வேண்டுமோ என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, சனிக்கிழமை ஒட்டுகிற கூட்டத்தில் இருந்த ஒரு பெண், "டீச்சர், எங்க வீட்டுத் துணி மாதிரியே இருக்கே" என்றாள். திங்கட்கிழமை ஒரு பை நிறையப் பேண்டேஜ் துணி வெட்டு விழுந்த துண்டுகளைக் கொண்டுவந்தாள். அதை நீளவாக்கில் நறுக்கி முதுகில் வைத்துப் பசை தடவி, மேலே தாள் ஒட்டி, ஒரு ராத்திரி செங்கல் வைத்து அழுத்தினால் கல்லு மாதிரி நிற்கிறது. எங்கள் நூலகத்தில் கட்டுப்போட்ட புத்தகங்கள் இப்போது இருநூறுக்கு மேல் இருக்கும். அப்படி ஒன்றை எடுக்கிற பிள்ளைக்கு அது நிறையப் பேர் படித்த புத்தகம் என்று சொல்லாமலே தெரிகிறது. கட்டுப்போட்டதைத்தான் முதலில் எடுக்கிறார்கள்.

தொலைகிற கணக்குக்கு வருகிறேன். ஏழு பீரோவையும் திறந்த பிறகு வருஷா வருஷம் குறைய ஆரம்பித்தது. தலைமையாசிரியர் நல்லவர், ஆனால் பதிவேட்டைப் பார்த்தால் அவருக்கும் கை நடுங்கும். 2018-ல் ஒரு நூலகர் கூட்டத்தில்தான் மத்திய அரசின் பொது நிதி விதிகளைப் பற்றிக் கேள்விப்பட்டேன். 2017-ல் வந்த அந்த விதிகளில் 215-ஆம் விதி, ஒரு வருஷத்தில் 1000 புத்தகம் இரவலுக்கோ பார்வைக்கோ போனால் அதில் ஐந்து தொலைவது நியாயமான இழப்பு என்கிறது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். 1000 ரூபாய்க்கு மேற்பட்ட விலையுள்ளதோ அரிய புத்தகமோ தொலைந்தால் மட்டும் விசாரித்தாக வேண்டும். அது மத்திய அரசு நூலகங்களுக்கான விதி, எங்கள் பள்ளியைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் நகல் எடுத்துக்கொண்டு போய் ஹெச்.எம். மேஜையில் வைத்தேன். அந்த வருஷம் எங்கள் இரவல் 3,900. தொலைந்தது 31. "விதிப்படி பத்தொன்பதரைதான் வருது. பதினொன்றரை அதிகம் சார்" என்றேன். சிரித்துவிட்டார். "அந்த அரைப் புத்தகம் எதும்மா?" என்று கேட்டுவிட்டுத் தள்ளுபடிப் பட்டியலில் கையெழுத்துப் போட்டார். 31 என்ற எண்ணைப் பார்த்ததும் எனக்கு அந்த யானைக் காது நினைவுக்கு வந்தது. அதே எண்ணிக்கை.

உங்கள் பள்ளியில் நூலகப் பொறுப்பு உங்களிடம் இருந்தால், புத்தகம் தொலைவதைப் பற்றி வருஷ ஆரம்பத்திலேயே தலைமையாசிரியரிடம் பேசிவிடுங்கள். தொலைந்த பிறகு பேசினால் அது சமாதானம் சொல்வது மாதிரி ஆகிவிடும். முன்னாலேயே பேசினால் திட்டம்.

இந்த வருஷச் சரிபார்ப்பு போன மாதம் முடிந்தது. பகல் முழுக்க எண்ணி, "குறைவு: 44" என்று எழுதி மை காய்வதற்குள் வாசலில் ஒரு அம்மா நின்றார். முதல் ஷிப்டு முடிந்து நேராக வந்திருக்கிறார், தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. கையில் எங்கள் கட்டுப்போட்ட புத்தகம். அவர் மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி மூடுவதற்கு முன்னால் திருப்பித் தந்தாக வேண்டும் என்று மகள் சத்தம் போட்டாளாம்.

"அவ அப்பவே முடிச்சுட்டா டீச்சர். நான்தான் வச்சுக்கிட்டேன். ராத்திரிச் சோறாக்கிட்டு ரெண்டு பக்கம், மூணு பக்கம்னு பார்ப்பேன். இன்னும் இருபது பக்கம் இருக்கு" என்று நீட்டினார்.

உட்காரச் சொன்னேன். பதிவேட்டில் மாணவர் பெயர், வகுப்பு, பிரிவு என்றுதான் கட்டம் இருக்கிறது. மகள் பெயரிலேயே இன்னொரு பதினைந்து நாள் போட்டு, தேதிச்சீட்டில் முத்திரை குத்தி அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன். அப்புறம் 44-ஐ அடித்து 43 என்று எழுதிச் சுருக்கொப்பம் போட்டேன்.